எந்த ஆஸ்பத்திரிக்கு?

மோட்டார் விபத்தில் அகப்பட்ட ஒருவருடைய உடம்பில் வெளியே ஒரு கீறல்கூடத் தென்படாமல், இடது விலாவுக்குள்ளே மறைந்திருக்கும் மண்ணீரல் மட்டும் பிளந்துபோயிருப்பதுண்டு. அவர் எழுந்து உட்கார்ந்து தம் பெயரைச் சொல்வார். வீட்டுக்குத் தகவல் சொல்லும்படி பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்வார். தமக்கு ஒன்றுமில்லை என்றுகூடச் சாதிப்பார். அந்த வேளையிலேயே அவருடைய வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கிக்கொண்டிருக்கும். வளர்ந்த மனிதருடைய தேகத்தில் ஓடுகிற ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அதில் முக்கால் லிட்டர் வரையில் போனாலும், இருதயம் சற்று விரைந்து துடித்தும், நாளங்கள் சுருங்கிக்கொண்டும், அந்த நஷ்டத்தை வெளியே தெரியாதபடி ஈடுசெய்துவிடுகின்றன. ஒன்றரை லிட்டரைத் தாண்டும்போது ரத்த அழுத்தம் விழுந்து, கைகால்கள் சில்லிட்டு, புத்தி தடுமாறத் தொடங்குகிறது. 2 லிட்டருக்கு மேல் போய்விட்டால், பிராணன் நிற்பதும் போவதும் அடுத்த சில நிமிஷங்களில் நடக்கும் காரியங்களைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ரத்தம் இழந்த தேகம் குளிர்கிறது. குளிர்ந்த தேகத்தில் ரத்தம் உறையும் சக்தி குன்றுகிறது. பிராணவாயு போதாத திசுக்களில் அமிலம் சேர்கிறது. அமிலம் சேரச் சேர உறையும் சக்தி மேலும் குன்றிக் கசிவு பெருக்காகிறது. ஒன்றையொன்று தூண்டிவிடும் இந்த மூன்று கேடுகளையும் மருந்தால் மட்டும் நிறுத்திவிட முடியாது. உள்ளே கசியும் இடத்தைக் கையால் அழுத்திப் பிடிக்கவும் வழியில்லை. வயிற்றைத் திறந்து, கசிவின் மூலத்தைக் கண்டு கட்டுவதற்கு ஒரு சர்ஜன் வேண்டும்; அவர் கை வைப்பதற்கு முன்னால் மயக்கம் கொடுக்கும் வைத்தியரும், தயாராகக் காத்திருக்கும் ஆபரேஷன் அறையும், கேட்ட மாத்திரத்தில் பை பையாக ரத்தம் கொடுக்கும் ரத்த வங்கியும் வேண்டும். இவை அத்தனையும் இரவென்றும் பண்டிகை நாளென்றும் பாராமல், ஒரே வேளையில் ஒரே கூரையின் கீழ் கூடியிருக்க வேண்டும். அவை எங்கே கூடியிருக்கின்றன என்பதை அடிபட்டுக் கிடப்பவர் அறியமாட்டார். அவரை ஏற்றிச் செல்கிறவர் அறிந்திருந்தே தீரவேண்டும். அவருக்கு அதை முன்கூட்டியே, மிகைப்படுத்தாமல், தெரிவித்துவைப்பதற்கு ஒரு ராஜ்யம் முழுவதிலும் என்ன ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதை, அத்துறையில் முன்னோடிகளுள் ஒன்றான அமெரிக்காவின் மேரிலாந்து ராஜ்யத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலேயே இந்த ஏற்பாடு மிகப் பழையதன்று. 1966-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட ஓர் அறிக்கை, விபத்தை நவீன சமுதாயத்தால் புறக்கணிக்கப்பட்ட ஒரு வியாதி என்றே வர்ணித்தது. அதற்கு முந்திய 1965-ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் மாண்டிருந்தார்கள். 4,00,000 பேர் நிரந்தரமாக அங்கஹீனம் அடைந்திருந்தார்கள். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கத் தொழில் நடத்துபவர்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டு செய்துவந்தார்கள் என்றும், மனிதரைப் படுக்கவைத்துக் கொண்டுபோக அந்த வண்டிகளிலேயே இடம் இருந்தது என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இருதய மாற்று சிகிச்சையை எட்டிப் பிடிக்கும் தறுவாயிலிருந்த ஒரு தேசத்தில், சாலையில் விழுந்தவனுக்குக் கிடைத்த வாகனம் சவ வண்டியாக இருந்தது என்பதை நாம் எளிதில் கடந்துபோய்விடக் கூடாது. குறை சாஸ்திர ஞானத்தில் இருக்கவில்லை. அந்த ஞானத்தைச் சாலையோரம் வரையில் கொண்டுவந்து சேர்க்கும் ஒழுங்கு இல்லாமற்போயிற்று.

பால்டிமோர் நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஆர் ஆடம்ஸ் கௌலி என்னும் சர்ஜன் இந்தக் குறையை அதற்கு முன்பே உணர்ந்திருந்தார். ராணுவத்தின் பொருளுதவியோடு 1960-ஐ ஒட்டி இரண்டே படுக்கைகள் கொண்ட ஓர் ஆராய்ச்சிப் பிரிவை அவர் தொடங்கினார். மற்ற வைத்தியர்கள் கைவிட்ட நோயாளிகளே அங்கே அனுப்பப்பட்டதால், ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை மரணக் கூடம் என்று சொல்லிவந்தார்கள். அதிர்ச்சி நிலையில் தேகத்துக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அந்த இரண்டு படுக்கைகளின் அருகிலிருந்து ஆராய்ந்த கௌலி, படுகாயம் பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரமே பொன்னான காலம் என்ற கொள்கையை ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். உண்மையில் 60 நிமிஷம் என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. மண்ணீரல் கசிபவருக்கு மூன்று மணி நேரம் கிடைக்கலாம், பெருநாளம் அறுந்தவருக்குப் பத்து நிமிஷமும் கிடைக்காமற்போகலாம். அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் தேடிய பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்கு அது அகப்படவும் இல்லை. ஆயினும் அந்தக் கொள்கை சட்டசபைகளையும் போலீஸ் இலாகாவையும் அசைத்துவிட்டது என்பதைச் சரித்திரம் ஒப்புக்கொள்கிறது. 1970 மார்ச் மாதத்தில் மேரிலாந்து ராஜ்யப் போலீசின் ஹெலிகாப்டர் சாலை விபத்தில் அடிபட்டவரைச் சுமந்துகொண்டு பால்டிமோரில் இறங்கியது. 1973-இல் கவர்னர் மார்வின் மாண்டெல் பிறப்பித்த உத்தரவினால் கௌலியின் பிரிவு ராஜ்யம் முழுவதற்குமான அவசர வைத்திய ஸ்தாபனமாக வளர்ந்தது.

இதற்குள் வேறோர் ஆராய்ச்சி எதிர்த்தவர்களின் வாயை அடைத்தது. காலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் படுகாயம் பட்ட எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தெற்கேயுள்ள ஆரஞ்சு கவுண்டியில் எது அருகிலோ அதற்குக் கொண்டுபோனார்கள். வெஸ்ட், டிரங்கி, லிம் என்னும் மூன்று வைத்தியர்கள், ஆஸ்பத்திரி வந்து சேர்ந்த பிறகு இறந்த மோட்டார் விபத்து நோயாளிகள் 92 பேருடைய பதிவேடுகளைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும், 90 பேருடையவற்றை ஆரஞ்சு கவுண்டியிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டு 1979-இல் வெளியிட்டார்கள். தலைக்காயம் அல்லாத காரணங்களால் ஆரஞ்சு கவுண்டியில் நேர்ந்த மரணங்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக் கூடியவை. சான் பிரான்சிஸ்கோவிலோ அப்படிப்பட்ட மரணம் ஒன்றே ஒன்று. அருகில் இருப்பதே நல்லது என்று உலகத்தார் இயல்பாக நம்பிவந்த நம்பிக்கை, படுகாயத்தைப் பொறுத்த வரையில் உயிரைக் குடிக்கும் நம்பிக்கை என்பது அன்றோடு ருசுவாயிற்று.

அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரிகளையும் மிகச் சிறந்தவையாக ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பணத்தை விட்டுவிட்டாலும்கூட அது நடவாது. சர்ஜனின் கை, அடிக்கடி செய்கிற காரியத்திலேயே தேர்ச்சி பெறுகிறது. மாதத்துக்கு இரண்டு படுகாயங்கள் வரும் இடத்தில் நிபுணர் உருவாகமாட்டார், உருவாகி வந்தவரும் மங்கிவிடுவார். அதனால்தான் அமெரிக்க சர்ஜன்களின் கல்லூரி என்னும் சங்கம், காய சிகிச்சைக்கான ஆஸ்பத்திரிகளை வகுக்கும் நிலைகளுள் முதலாவதான முதல் நிலை நிலையம் என்று சொல்லிக்கொள்ள விரும்பும் ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் குறைந்தது 1,200 காய நோயாளிகளாவது, அல்லது மிகக் கடுமையாகக் காயம் பட்டவர்கள் 240 பேராவது வந்து சேரவேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு விதிநூலில் நிபந்தனை வைத்தது. நோயாளிகளைப் பங்கிட்டுக் கொடுத்தால் எல்லோரும் அரைகுறையாகக் கற்பார்கள். குவித்துக் கொடுத்தால் சிலர் முழுமையாகக் கற்பார்கள்.

நிலைகளின் பெயர்களைக் கேட்கிறவர்கள், பரீட்சையில் வாங்கிய வகுப்பைப் போல அவற்றை எண்ணிக்கொள்வது வழக்கம். இந்த எண்ணம் தவறானது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நோயாளியின் படுக்கையருகில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. கடுமையான காயத்தோடு ஒருவர் வந்து இறங்கினால், இரண்டிலும் சர்ஜன் 15 நிமிஷத்துக்குள் அவர் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். அப்படி நின்றார் என்பது நூற்றுக்கு எண்பது தடவையாவது ஏட்டில் பதிவாகியிருக்கவும் வேண்டும். முதல் நிலைக்குரிய விசேஷம், அது இளம் வைத்தியர்களைப் பயிற்றுவிப்பதும், ஆராய்ச்சி செய்து வெளியிடுவதும், ராஜ்யத்துக்கே வழிகாட்டுவதும் ஆகும். மூன்றாம் நிலையில் சர்ஜன் வருவதற்கு 30 நிமிஷம் அவகாசம் உண்டு. மூளையில் ஆபரேஷன் செய்யும் நிபுணர் அங்கே இருக்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. டெக்ஸாஸ், நெப்ராஸ்கா போன்று ஊர்கள் தூரந்தூரமாகச் சிதறிக் கிடக்கும் ராஜ்யங்களில் நான்காம் நிலையும் உண்டு. அங்கே எதிர்பார்க்கப்படுவது, மூச்சுக்குழாயைத் திறந்துவைத்து, நெஞ்சில் அடைபட்ட காற்றை வெளியேற்றி, ரத்தம் ஏற்றி, தாமதிக்காமல் மேலே அனுப்பிவைப்பது.

அந்தக் கடைசி நிலையை அற்பமென்று எண்ணுபவர்களுக்கு, 1976 பிப்ரவரியில் நெப்ராஸ்காவில் நடந்ததை நினைவூட்டலாம். ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு சர்ஜன் தாமே ஓட்டிவந்த சிறு விமானம் இரவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே மாண்டார். தமக்கும் காயம், கூட வந்த நான்கு குழந்தைகளுள் மூவருக்குப் படுகாயம். சாலையில் போன வண்டியை நிறுத்திக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அருகிலிருந்த சிற்றூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், இரவு நேரமாகையால் கதவு பூட்டியிருந்தது. திறந்த பிறகு அங்கே நடந்த சிகிச்சையோ, தலையிலும் கழுத்திலும் அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்பதும் தெரியாதவர்களின் சிகிச்சையாக இருந்தது. அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான், காயம் பட்டவரை முதலில் பார்க்கும் வைத்தியர் எதை முன்னே செய்யவேண்டும், எதைப் பின்னே செய்யவேண்டும் என்று வரிசைப்படுத்திக் கற்பிக்கும் பாடத்திட்டம். 1978-இல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் என்னும் சிற்றூரில் அதை முதல் முதலாக நடத்திப் பார்த்தார்கள். இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் வைத்தியர்கள் அதைக் கற்கிறார்கள். நான்காம் நிலை நிலையத்தின் தகுதியே பெரும்பாலும் அந்தப் பாடத்தைக் கற்றவர் இரவிலும் கைக்கு எட்டுகிறாரா என்பதில் அடங்கியிருக்கிறது.

மேரிலாந்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நிலைகளைப் பங்கிட்டிருக்கும் முறையின் நியாயம் புலப்படும். நடுவே பால்டிமோர்; கிழக்கே செசபீக் விரிகுடா நிலத்தை இரண்டாகப் பிளந்து, அக்கரைவாசிகளை ஒரு பாலத்தின் தயவில் வைத்திருக்கிறது; மேற்கே அப்பலாச்சியன் மலைத் தொடரை நோக்கி ராஜ்யம் ஒடுங்கி நீள்கிறது. கௌலியின் பெயரைத் தாங்கிய நிலையம் பால்டிமோரில் எல்லா நிலைகளுக்கும் மேலான ஆதார நிலையமாகத் தனியே வகுக்கப்பட்டிருக்கிறது. அதே நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி முதல் நிலை. பால்டிமோரையும் தலைநகர் வாஷிங்டனையும் ஒட்டிய ஜனநெருக்கமான பகுதிகளில் இரண்டாம் நிலை நிலையங்கள். மலைப்பக்கத்து கம்பர்லாந்திலும் ஹேகர்ஸ்டவுனிலும் விரிகுடாவுக்கு அக்கரையிலுள்ள சாலிஸ்பரியிலும் மூன்றாம் நிலை. கம்பர்லாந்திலிருந்து பால்டிமோருக்குச் சாலை வழி 200 கிலோமீட்டருக்கு மேல்; பனி கொட்டும் இரவில் ஹெலிகாப்டர் எழும்பாதபோது, அந்த மலையூரின் மூன்றாம் நிலையே ஒருவருக்குக் கதி. தீக்காயத்துக்கும், துண்டான கைக்கும், கண்ணுக்கும், குழந்தைகளுக்கும் தனித்தனி நிலையங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன.

இப்படிப் பெயர் சூட்டுகிற அதிகாரம் ராஜ்யத்துக்குரியது. சட்டத்தின் பலத்தோடு, இந்த ஆஸ்பத்திரிக்கு இந்த நிலை, இந்த ஆம்புலன்ஸ் இங்கேதான் போகவேண்டும் என்று அது நியமிக்கிறது. நியமனம் ஒன்று, சரிபார்ப்பு மற்றொன்று. ஆஸ்பத்திரி தன்னிடம் இருப்பதாகச் சொல்வது உண்மையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சொல்லும் வேலையைச் சர்ஜன்களின் கல்லூரி 1987-இல் மேற்கொண்டது. அதற்கான விதிகளை அது 1976-லேயே வெளியிட்டிருந்தது. கல்லூரி நியமிப்பதில்லை, பார்த்துச் சான்று மட்டும் கொடுக்கிறது. அந்தச் சான்றுக்கு ஆயுள் மூன்று வருஷம். பல ராஜ்யங்கள் அதை ஏற்றுக்கொண்டு நியமனம் செய்கின்றன. பென்சில்வேனியா தனக்கென்று ஓர் அறக்கட்டளையை நிறுவி அதைக் கொண்டு பரிசீலிக்கிறது. மேரிலாந்தோ தன் சொந்த விதிகளை வைத்துக்கொண்டு, ராஜ்யத்துக்கு வெளியேயிருந்து நிபுணர்களை வரவழைத்துப் பார்க்கச் செய்கிறது. வெளியாரை அழைப்பதன் உட்பொருள் எவருக்கும் விளங்கும்: பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் குறையைச் சொல்பவர் நாளைக்கு அந்த ஊர்க்காரரோடு பழகவேண்டியவராக இருக்கக் கூடாது.

பரிசீலனைக்கு வருபவர்கள் கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்குவதில்லை. அவர்கள் முதலில் கேட்பது இறந்தவர்களின் ஏடுகளை. உதாரணமாக, ஓர் ஏட்டில் நோயாளி இரவு 2.10-க்கு வந்து சேர்ந்தார் என்றும், சர்ஜன் 2.31-க்கு வந்தார் என்றும் இருந்தால், இடையிலுள்ள 21 நிமிஷம் அங்கேயே எண்ணப்பட்டுவிடும். ரத்தம் கேட்டது எப்போது, முதல் பை வந்தது எப்போது, ஸ்கேன் எடுக்க நோயாளியைக் கொண்டுபோனபோது அவருடைய ரத்த அழுத்தம் என்ன, அந்த அழுத்தத்தில் அவரை ஆபரேஷன் அறைக்கல்லவா கொண்டுபோயிருக்கவேண்டும் என்று வரி வரியாகக் கேள்விகள் எழும். பிறகு அவசரப் பிரிவின் வாசலிலிருந்து ஸ்ட்ரெச்சர் போகும் வழியிலேயே நடந்து, ரத்த வங்கிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போய், ராத்திரி வேலை பார்க்கும் தாதியரையும் ரத்த வங்கிப் பணியாளரையும் நேரில் விசாரிப்பார்கள்.

ஆயினும் பிழை நேர்ந்ததற்காக மட்டும் சான்றை மறுப்பதில்லை என்பதே இந்த முறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பிழை நேராத ஆஸ்பத்திரி எங்கும் இல்லை. அந்த 21 நிமிஷத்தை ஆஸ்பத்திரி தானே கண்டுபிடித்ததா, சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசினார்களா, என்ன மாற்றம் செய்தார்கள், அதற்குப் பிறகு தாமதம் குறைந்ததா என்று பார்க்கிறார்கள். தன் மரணங்களைத் தானே விசாரிக்காத ஆஸ்பத்திரி, எத்தனை பெரிய நிபுணர்களை வைத்திருந்தாலும் தேறாது. கல்லூரியின் விதிகளில் குறைகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் வகைக் குறை ஒன்று இருந்தாலே சான்று கிடையாது. இரண்டாம் வகையில் சில இருந்தால், திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு.

ஒரு நிலையத்தின் காயங்களை மற்றொன்றின் காயங்களோடு ஒப்பிட அளவுகோல் வேண்டுமே. அதையும் பால்டிமோரே தந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய சூசன் பேக்கரும் அவருடைய சகாக்களும், அந்த நகரத்தின் எட்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 2,128 மோட்டார் விபத்து நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 1974-இல் ஒரு கணக்கு முறையை வகுத்தார்கள். தேகத்தைத் தலை, நெஞ்சு, வயிறு என்பன போன்ற பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் காயத்துக்கும் கடுமைக்கு ஏற்ப எண் கொடுத்து, மிகக் கடுமையான மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கம் செய்து கூட்டவேண்டும். மண்ணீரல் பிளந்ததற்கு 4, விலாவெலும்புகளுக்கு 3, தொடையெலும்புக்கு 3 என்றால் 16, 9, 9 ஆக மொத்தம் 34. உச்ச வரம்பு 75. பதினைந்துக்கு மேற்பட்டால் படுகாயம் என்று கொள்வது மரபு. முன்னே சொன்ன 240 பேர் அந்த எல்லையைக் கடந்தவர்கள்தாம். வர்க்கம் செய்வானேன் என்று கேட்கலாம். கடுமை ஏறும்போது மரணம் நேர்கோட்டில் ஏறுவதில்லை, பாய்ச்சலில் ஏறுகிறது என்பதை அந்த 2,128 பேருடைய ஏடுகள் காட்டியதால்தான்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பலன் உண்டா? எல்லன் மெக்கென்ஸியும் அவருடைய குழுவினரும் 14 ராஜ்யங்களில் முதல் நிலை பெற்ற 18 ஆஸ்பத்திரிகளையும், எந்த நிலையும் பெறாத 51 ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டு 2006-இல் விடை சொன்னார்கள். காயத்தின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகு, ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முதல் நிலையில் நூற்றுக்கு 10.4, மற்றவற்றில் 13.8. நூறு படுகாயக்காரர்களில் மூன்று பேருக்கு மேல், அவர்களை எந்த வாசலில் இறக்கினார்கள் என்பதைக் கொண்டே பிழைத்தார்கள்.

ஆனால் நிலையென்பது ஒரு முறை கிடைத்தால் கல்வெட்டாக நின்றுவிடுவதில்லை. அது மனிதர்கள் இரவில் எழுந்து வரச் சம்மதிக்கும் வரையில்தான் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டின் நடுவில் ஹேகர்ஸ்டவுனில், இரவு அழைப்புக்கு வர வேண்டிய சர்ஜன்கள் போதாமையால் அங்கிருந்த இரண்டாம் நிலை நிலையம் மூடப்பட்டு, மேற்கு மேரிலாந்தின் படுகாயக்காரர்கள் சில மாத காலம் தொலைவுக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். இலையுதிர் காலத்தில் அது மூன்றாம் நிலையாகத் திரும்பத் திறந்தது. அந்தச் சர்ஜன்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களில் பலர் இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர்கள். அவர்களுக்கு விடிய விடியச் செய்த ஆபரேஷனுக்கு ஊதியம் வராது. மறுநாள் காலையில் வழக்கமான நோயாளிகள் காத்திருப்பார்கள். மேரிலாந்து சட்டசபை இதைப் புரிந்துகொண்டு, 2003-இல் வாகனப் பதிவோடு சேர்த்து ஒரு சிறு கட்டணம் வசூலித்து, அதிலிருந்து அத்தகைய சிகிச்சைக்கும் விழித்துக் காத்திருப்பதற்கும் வைத்தியர்களுக்குப் பணம் கொடுக்க ஒரு நிதியை ஏற்படுத்தியது. வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும், தாம் ஒருநாள் விழக்கூடிய இடத்தில் ஒருவர் விழித்திருப்பதற்கு முன்பணம் செலுத்துகிறார்.

மேலான நிலையத்துக்கே எல்லோரையும் பறக்கவைத்துவிடலாம் என்ற ஆசைக்கும் ஒரு விலை உண்டு. 2008 செப்டம்பரில் ஒரு நள்ளிரவு, கார் விபத்தில் அடிபட்ட இரு இளம் பெண்களை ஏற்றிக்கொண்ட மேரிலாந்து போலீஸ் ஹெலிகாப்டர், மூடிய வானத்தில் வழி தவறி மரங்களினிடையே விழுந்தது. விமானியும், உடன் சென்ற இரண்டு மருத்துவ உதவியாளர்களும், அப்பெண்களில் ஒருவரும் மாண்டார்கள். காரின் சிதைவு பயங்கரமாக இருந்ததேயன்றி, அவர்களுடைய காயம் உடனே உயிரைப் பறிக்கக் கூடியதாக இருக்கவில்லை.

படுகாயத்தைச் சாதாரணக் காயமென்று எண்ணித் தாழ்ந்த நிலைக்கு அனுப்பும் பிழை நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்கவேண்டுமென்றும், அதற்காகச் சாதாரணக் காயத்தைப் படுகாயமென்று எண்ணி மேலே அனுப்பும் பிழை நூற்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வரையில் போனாலும் பொறுத்துக்கொள்ளலாமென்றும் கல்லூரியின் விதிநூல் சொல்லியிருந்தது. முதற் பிழைக்கு நோயாளியின் உயிர் விலை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவதற்கும் உயிர் விலையாகலாம் என்பதை அந்த இரவு தெரிவித்தது. மேரிலாந்து தன் விதிகளைத் திருத்தியது. ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே விழுந்தவர், நினைவு மங்கியவர், நெஞ்சிலோ வயிற்றிலோ ஊடுருவிய காயம் உள்ளவர் ஆகியோருக்கு இன்றும் தயக்கமில்லை. ஆனால் அவர்களுக்கும், நிலையம் அரைமணி நேரச் சாலை தூரத்துக்குள் இருந்தால், வண்டியே வாகனம். நாடி சீராக இருந்து, வாகனத்தின் சிதைவு ஒன்றே சந்தேகத்துக்குக் காரணமாக இருந்தால், சாலையோரத்தில் முழந்தாளிட்டிருக்கும் உதவியாளர் ஹெலிகாப்டரைக் கேட்பதற்கு முன்னால், ஏற்றுக்கொள்ளப்போகும் நிலையத்தின் வைத்தியரோடு கம்பியில்லாத் தொடர்பில் பேசி, பார்த்ததைச் சொல்லி, அபிப்பிராயம் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுப் புறப்பட்டவர்கள் சரியான இடத்துக்குத்தான் போனார்களா என்பது, பிறகு நிலையத்துப் பதிவேட்டிலுள்ள எண்களோடு வைத்துப் பார்க்கப்படுகிறது.